மஞ்சள் அடித்த டூல்ஸ் பீரோ

மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை. இருட்டு மூலையில் நிறுத்தினாலும் பல்லைக் காட்டுகிற மஞ்சள். அந்தப் பீரோவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு ஒரு மனிதர், "பச்சை நல்லா வந்திருக்கும்மா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்த வாயை மூடுவதற்குள் எங்கள் பட்டறையே தலைகீழாகிவிட்டது.

சொன்னவர் எங்கள் பட்டறையின் ஃபிட்டர் மாஸ்டர். பீரோவுக்கு மஞ்சள் அடித்தவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. நான் அங்கே வெல்டர். தண்ணீர் மோட்டாரும் பம்பும் ரிப்பேர் செய்கிற இடம் அது. ஆனால் நான் சொல்ல வந்தது என் கதையும் இல்லை, மாஸ்டர் கதையும் இல்லை, அந்தத் தங்கையின் கதை. சுற்று வட்டாரத்துக்கே அவள் பெயிண்ட்டக்கா. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

அக்கா ஒரு பீரோ கம்பெனியில் எமரித்தாள் தேய்க்கப் போய், பிறகு ஸ்ப்ரே கன் பிடிக்கக் கற்றுக்கொண்டவள். கம்பெனியை மூடிய அன்றைக்கு மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா கத்தவில்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்ரசரை எனக்குக் கொடு என்று மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கி, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து துருப்பிடித்த எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கை அரிக்கும். வீட்டு பீரோ, ஆஸ்பத்திரிக் கட்டில், பள்ளிக்கூட பெஞ்சின் கால், எதையும் விட்டுவைக்கவில்லை. புருஷன் தையல்காரர், வாயில்லாப் பூச்சி. அக்கா பேசி முடித்ததும் நாம் பேசலாம் என்று கல்யாணமான நாளாகக் காத்திருக்கிறார். முறைதான் இன்னும் வரவில்லை.

அவள் வேலையைப் பார்க்க வேண்டும். தகட்டின் மேல் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்ப்பாள். மேலே எரிகிற ட்யூப்லைட்டின் பிம்பம் தகட்டில் நேராக ஓடினால் சரி. ஒரு இடத்தில் நெளிந்தால் அங்கே ஒடுக்கு இருக்கிறது. நாங்கள் தடவிப் பார்த்தாலும் அகப்படாத ஒடுக்கை அவள் கண் பிடித்துவிடும். "கண்ணா அது, ரசமட்டமா?" என்று நான் கிண்டல் செய்வேன். "உன் வெல்டிங் கோணல்கூட இங்கிருந்தே தெரியுது, வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்பாள். பதில் சொல்ல அவளுக்கு மூச்சு விடுகிற நேரம்கூடத் தேவைப்படாது.

இப்பேர்ப்பட்டவள் அடங்கிப்போவது அண்ணன் ஒருவருக்குத்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்களுடைய அம்மா இறந்துபோனாள். வீடு நிறைய ஆள். அத்தனை பேரும் குழந்தையிடம், அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "அம்மா செத்துப்போச்சு. இனிமே வராது. நான் இருக்கேன்" என்றாராம். அவரும் அப்போது பொடியன்தான். அன்றைக்கு விழுந்த நம்பிக்கை அது. ஊரே கூடி நின்று ஒன்றைச் சொன்னாலும், அண்ணன் மாற்றிச் சொன்னால் அக்காவுக்கு அண்ணன் சொன்னதுதான். "எங்க அண்ணன் எங்கிட்ட பொய் சொன்னதே கிடையாது" என்பதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

பட்டறையில் தரையைப் பெயர்த்துப் புதிதாக சிமெண்ட் போட வேண்டி வந்ததால், முதலாளி எல்லோருக்கும் லீவு விட்டார். அப்படியே அந்த டூல்ஸ் பீரோவைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்கலாம் என்றார். மாஸ்டர் ஒப்பவில்லை. "இது தகடு சார். இப்ப கடையில வர்றது பேப்பர். என் தங்கச்சிகிட்ட குடுங்க, புதுசாக்கிக் குடுப்பா." முதலாளியும் தலையை ஆட்டிவிட்டார்.

அந்தப் பீரோ இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கதவு. ஒரு கதவு கீல் தேய்ந்து தொங்கிப்போய், முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கினால்தான் மூடும். அடித்தகடு துருவேறி சல்லடையாகியிருந்தது. கீழ் டிராயர் எப்போது கடைசியாகத் திறந்தது என்று யாருக்கும் தெரியாது. கதவுகளின் உள்பக்கம் முழுக்க ஆணியும் கொக்கியுமாக அடித்து, ஸ்பானர், சுத்தியல், கட்டிங் பிளேயர் எல்லாம் எந்த ஒழுங்கும் இல்லாமல் தொங்கும். எங்களுக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் அரை நாள் தேட வேண்டும். மாஸ்டர் மட்டும் பேசிக்கொண்டே கையை நீட்டுவார், கேட்ட சாமான் கையில் இருக்கும். கைராசி என்று நாங்கள் வாயைப் பிளப்போம்.

அக்கா வந்ததும், உதவிக்கு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டு, முதல் காரியமாக அண்ணனை விரட்டினாள். "முடியற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"பழைய கலரே அடிச்சிரு. பச்சைதான் லட்சணம்."

"சரி, பச்சை. கிளம்பு நீ."

சாமான்களையெல்லாம் சாக்கில் கொட்டிக்கட்டி, பீரோவைப் பட்டறைக்கு வெளியே மரக்கட்டைகள் மேல் மல்லாக்கப் படுக்கவைத்தோம். அக்கா ரிமூவர் தடவி, பொங்கிவந்த பெயிண்டை வழித்தாள். பச்சைக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே வேறு ஒரு பச்சை. வெள்ளைத் தகடு தெரிகிற வரைக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். துருவைக் கொஞ்சம் விட்டுவிட்டு மேலே பூசினால் என்ன என்று கேட்டதற்கு என் பரம்பரையையே இழுத்தாள். அழுகின அடித்தகட்டை அறுத்தெடுத்துவிட்டு நான் புதுத்தகடு வைத்து வெல்ட் அடித்துக் கொடுத்தேன். கீலுக்குப் புது ஆணி. டிராயர் ஓடுகிற பட்டைகளை நிமிர்த்தி கிரீஸ் போட்டதும், அது விரல் பட்டாலே ஓடியது. பிறகு துருவைத் தடுக்க ரெட் ஆக்சைடு, பள்ளம் நிரப்பப் பட்டி, வழவழப்புக்குத் தண்ணீர் பேப்பர். நடுவே ஒருநாள் பக்கத்திலிருந்த பிரைமர் டப்பாவைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டு, "வழியில எவன்டா வெச்சான்?" என்று என்னைத்தான் வாங்கினாள். வைத்தவள் அவளே. சொன்னால் அடி விழும் என்பதால் துணியை எடுத்துத் துடைத்தேன்.

கடைசி நேரத்தில் அவளுக்கு மனசு மாறியது. பீரோ நிற்கிற மூலையில் வெளிச்சம் குறைவு. "பச்சை அடிச்சா அங்க இருட்டோட இருட்டா போயிரும். அண்ணனுக்கும் வயசாகுது. பளிச்சுன்னு இருக்கட்டும்" என்று மஞ்சள் வாங்கிவந்தாள். அதோடு விடவில்லை. கதவின் உள்பக்கம் ஒவ்வொரு சாமானையும் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அதே வடிவத்தில் கறுப்புப் பெயிண்டால் நிழல் மாதிரி வரைந்தாள். சுத்தியலின் நிழலில் சுத்தியல், ஸ்பானரின் நிழலில் ஸ்பானர். சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக. எடுத்த சாமானைத் திருப்பி வைக்கவில்லை என்றால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

பட்டறை திறந்த காலை. முதலாளி, நாங்கள், அக்கா, எல்லோரும் பீரோவைச் சுற்றி நின்றோம். மாஸ்டரை அவர் மனைவி வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போனாள். மாஸ்டர் உள்ளே வந்தார். பெயிண்ட் வாசனையை இழுத்து முகர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார், பச்சை நல்லா வந்திருக்கு என்று.

தங்கையைச் சீண்டுகிறார் என்று நினைத்துத்தான் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். "நக்கலு? சரி, ஒரு ரிங் ஸ்பானர் எடுங்க பார்க்கலாம், உங்க கையால எடுத்தாதான் ராசி" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

மாஸ்டர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ பேசிக்கொண்டே கையை நீட்டினார். ரிங் ஸ்பானர் தொங்கிய பழைய இடத்தில் இப்போது இரும்பறுக்கிற ஆக்சா பிளேடு. கை அதைப் பிடித்துவிட்டு, சுட்டதுபோலத் திரும்பியது. உள்ளங்கையில் ரத்தம். மறுபடி நீட்டினார். கொஞ்சம் கீழே. கொஞ்சம் இடப்பக்கம். ஒரு சுத்தியல் விழுந்தது. கட்டிங் பிளேயர் விழுந்தது. உருண்டை அரம் ஒன்று விழுந்து புதுத்தரையில் உருண்டது. அவர் கை அவசர அவசரமாகக் கதவு முழுக்க அலைந்தது. அந்தக் கைக்கு ஒரு இடமும் தெரியவில்லை.

"அண்ணே, இது என்ன கலரு?" என்றாள் அக்கா.

"பச்சைன்னுதானே நீ சொன்ன?"

அக்கா மூச்சுக் காட்டாமல் இரண்டடி தள்ளி நின்றாள். அவர் அவள் முன்பு நின்ற வெற்றிடத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் இடம் மாத்தினா எப்படிம்மா? சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?" ரத்தம் மஞ்சள் தகட்டில் தீற்றியிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லீவுக்கு முந்தின நாள்வரை அந்த மனிதர் கிரைண்டர் ஓட்டியிருக்கிறார். மைக்ரோமீட்டரைப் பொருத்திவிட்டு, "கண்ணாடியில கிரீஸ், நீ பார்த்துச் சொல்லுடா" என்பார். நானும் பார்த்துச் சொல்லுவேன். பில்லைப் படித்துக் காட்டுவது முதலாளி. கையைப் பிடித்து ரோடு தாண்டி விடுவது மனைவி. ஆளுக்கு ஒரு துண்டாக நாங்கள் அவருக்குக் கண்ணாக இருந்திருக்கிறோம், ஒருவருக்கும் அது தெரியாது. நானெல்லாம் கண் இருந்து என்ன பிரயோஜனம் என்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அக்கா அண்ணனின் கையைத் துணியால் சுற்றிக் கட்டினாள். கட்டி முடிக்கிறவரை பொறுத்திருந்தாள். அப்புறம் வெடித்தாள்.

"எத்தனை நாளா?"

"தெரியலம்மா."

"தெரியலையா? உன் கண்ணு போறது உனக்கே தெரியலையா? எங்கிட்டயா சொல்ற இதை?"

"கடைசியில தெரிஞ்சுது. அப்ப சொல்ல வாய் வரல, வேலை போயிருமேன்னு பயந்துட்டேன். ஆனா ஆரம்பத்துல சத்தியமா தெரியலம்மா. நல்லாதான் தெரியுதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"பொய்" என்றாள் அக்கா. "பட்டப்பகல்ல பொய் சொல்ற. அதுவும் எங்கிட்ட."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் பக்கம்தான் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொல்கிற வியாதியாம். வலிக்காது, சிவக்காது. ஓரத்திலிருந்து பார்வை குறைந்துகொண்டே வரும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும், அதனால் ஆளுக்குத் தெரியாது. மாஸ்டருக்கு இடக்கண் மொத்தமாகப் போய்விட்டது. வலக்கண்ணில் சாவி ஓட்டை அளவுக்கு மிச்சம், அதிலும் நிறம் தெரியாத மங்கல். போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். "முன்னாடியே வந்திருந்தா முக்கால்வாசி நிறுத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, "கூடப்பிறந்தவங்க இருந்தா அவங்களும் ஒரு தடவை காட்டிடணும். குடும்பத்துல வரும்" என்றார்.

"என் கண்ணு ஊசி முனையை எண்ணும்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டாள். என்னிடம், "நோயாளி மனசு நோகக் கூடாதுன்னு அந்தாளு இவருக்கு வக்காலத்து வாங்குறாரு. கண்ணு போறது தெரியாமப் போகுமா? காதுல பூ சுத்தறாங்க" என்றாள்.

அதன்பிறகு அவள் அண்ணனோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு. தினம் ஒரு தடவையாவது எதிர்ப்படுவார்கள். அவர் இவளுடைய செருப்புச் சத்தத்தை வைத்து, "யாரு, தங்கச்சியா?" என்று கேட்பார். இவள் பதில் சொல்லாமல் தாண்டிப் போவாள். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற மனிதனிடம் என்ன வீம்பு? கேட்டும்விட்டேன். "கண்ணு போனா போகட்டும்டா, நான் என் கண்ணைத் தர்றேன். எங்கிட்ட மறைச்சாரே, அதுக்கு என்ன பண்றது? அம்மா செத்ததையே மறைக்காத ஆளு" என்று சொல்லிவிட்டு, ஓவென்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

முதலாளி மாஸ்டரை அனுப்பவில்லை. கிரைண்டர் பக்கம் போகக் கூடாது, பேரிங் போடுகிற வேலை மட்டும் என்று சொல்லிவிட்டார். பீரோவில் சாமான்களை நாங்கள் பழைய இடங்களுக்கே மாற்றிவிட்டோம், மாஸ்டரையே கையை நீட்டச் சொல்லி, கை போன இடத்தில் கொக்கி அடித்து. இப்போது சுத்தியலின் நிழல்மேல் ஸ்பானர் தொங்கும், ஸ்பானரின் நிழல்மேல் ரம்பம் தொங்கும். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, எந்தக் கிறுக்கன் மாட்டினது என்று சிரிப்பார்கள்.

மாஸ்டரை மறுபடி டாக்டர் வரச்சொன்ன நாளில் வண்டி ஓட்டியது நான். மாஸ்டரின் மனைவி சூட்டிகையான பொம்பளை. நாத்தனாரிடம் போய், "உன்னையும் பார்த்தாதான் அவருக்கு மருந்து எழுதுவாராம்" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருந்தாள். அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் அண்ணன். வழியெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தாளுக்கு மருந்து கிடைக்கணும்னுதான் வர்றேன். வேற ஒண்ணும் இல்ல" என்று எனக்குச் சொல்கிற மாதிரி அவருக்குச் சொன்னாள்.

உள்ளே நடந்தது அவளே பிற்பாடு சொன்னது. ஒரு இருட்டு அறை. ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்களாம். பரிசோதிக்கிற பெண் கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "நடுப்புள்ளியை மட்டும் பாருங்க. சுத்திலும் எங்க லைட் தெரிஞ்சாலும் பட்டனை அழுத்துங்க" என்றாளாம். அக்காவுக்கு விளையாட்டாக இருந்திருக்கிறது. டிக், டிக் என்று அழுத்தினாள். ஒடுக்குப் பார்க்கிற கண்ணுக்கு இதெல்லாம் ஒரு பெரிய வேலையா? கொஞ்சநேரத்தில் லைட் நின்றுவிட்டது. சரி, முடிந்தது என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சும்மா எத்தனை நேரம் உட்காருவது? தாடையை எடுத்துவிட்டு எழுந்தாள்.

"என்னம்மா எழுந்துட்டீங்க?"

"முடிஞ்சிருச்சுல்ல? லைட்டு நின்னு எவ்வளவு நேரமாச்சு."

அந்தப் பெண் மெஷினை எட்டிப் பார்த்தாளாம். அப்புறம் மெதுவாக, "நிக்கலம்மா. லைட் வந்துக்கிட்டேதான் இருக்கு. உக்காருங்க" என்றாளாம்.

அக்கா வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. நான் எழுந்து ஏதோ கேட்கப் போனேன், கையால் வேண்டாம் என்றாள். பெஞ்சில் அண்ணன் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும், "தங்கச்சியா?" என்றார். அக்கா போய் அவரை ஒட்டி உட்கார்ந்தாள். வெட்டுத் தழும்பு இருந்த அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியலண்ணே" என்றாள்.